ஐம்பதுக்கு மேல் மலை வேட்டை: உடம்பில் எது குறைகிறது, எதை மீட்கலாம்?

வயதான வேட்டைக்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். "ஐம்பதைத் தாண்டிட்டா அவ்வளவுதான், முழங்கால் ஒத்துழைக்காது" என்பது ஒன்று. "எல்லாம் மனசுலதான் இருக்கு" என்பது இன்னொன்று. முதலாவதை நம்பி, இன்னும் பல ஆண்டுகள் மலையேறியிருக்கக்கூடியவர்கள் துப்பாக்கியைத் துடைத்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். இரண்டாவதை நம்பியவர்கள், பழகாத உடம்போடு மலைக்குப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எந்தக் கொஞ்சம் என்பதைப் பிரித்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் இதில் தவறினால் போவது ஒரு பொழுதுபோக்கு மட்டும் இல்லை, சில நேரம் உயிரும் போகிறது.

## மலை என்ன கேட்கிறது

முதலில் வேலை எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். கொலராடோ, மொன்டானா, ஐடஹோ, வயோமிங் போன்ற அமெரிக்க மேற்கு மாநிலங்களில், வாகனப் பாதை முடிகிற இடத்திலிருந்து இன்னும் பல கிலோமீட்டர் உள்ளே நடந்து போய் வேட்டையாடுவதை பேக்கன்ட்ரி வேட்டை என்கிறார்கள். கூடாரம், உணவு, ஆயுதம் எல்லாம் முதுகில்தான். உரிமம் வாங்கி, அதற்கென்று ஒதுக்கிய பருவத்தில், பெரும்பாலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை, பல நாள் தங்கிச் செய்கிற வேலை இது. எல்க் என்ற பெரிய மான்தான் பலருடைய இலக்கு.

நன்றாக வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவை எட்டும். எலும்பை நீக்கிய பிறகும் 80 முதல் 100 கிலோ வரை இறைச்சி தேறலாம். உண்ணத்தக்க இறைச்சியை மலையிலேயே வீணாக விட்டுவிட்டு வருவது அங்கே சட்டப்படி குற்றம். ஆக, அத்தனையும் கீழே வந்தாக வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. இறைச்சி 100 கிலோ, ஒரு தடவைக்கு 25 கிலோ, தனி ஆள், வாகனம் நிற்பது 5 கிலோமீட்டர் தள்ளி. நான்கு தடவை சுமையோடு இறங்க வேண்டும், நடுவில் மூன்று தடவை வெறும் முதுகோடு திரும்ப ஏற வேண்டும். மொத்தம் 35 கிலோமீட்டர், அதில் 20 சுமையோடு. அதுவும் பாதையே இல்லாத சரிவில், விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டித் தாண்டி. உயரமோ பல இடங்களில் 2,500 மீட்டருக்கு மேல். 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைகிறது.

இந்தக் கணக்கில் எங்கேயும் வயது வரவில்லை என்பதைக் கவனியுங்கள். முப்பது வயதுக்காரருக்கும் அறுபது வயதுக்காரருக்கும் அதே 35 கிலோமீட்டர்தான்.

## இருப்பு: வரவுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளி

இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மாதச் செலவு ஒன்றேதான். ஒரு வீட்டில் வரவில் பாதிதான் செலவாகிறது. இன்னொரு வீட்டில் தொண்ணூறு சதவீதம் போய்விடுகிறது. சாதாரண மாதத்தில் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு மருத்துவச் செலவு வரட்டும், இரண்டாவது வீடு ஆட்டம் கண்டுவிடும்.

உடம்பிலும் இப்படித்தான். நம்மால் அதிகபட்சம் முடிவதற்கும், செய்கிற வேலை கேட்பதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை இந்தக் கட்டுரையில் இருப்பு என்று சொல்லப்போகிறேன். வயதாகும்போது முதலில் கரைவது இந்த இருப்புதான். சமதரையில் நடக்கும்போது அது தெரிவதே இல்லை. "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று நம்பிக்கொண்டிருந்தவருக்கு மலையில் திடீரென்று மூச்சு முட்டுவதற்குக் காரணம் இதுதான்.

இருப்பை அளக்க ஓர் அளவுகோல் உண்டு: உச்ச ஆக்சிஜன் பயன்பாடு. முழு மூச்சில் உழைக்கும்போது, ஒரு நிமிடத்தில், ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனை உடம்பு பயன்படுத்துகிறது என்ற எண் அது. கைக்கடிகாரங்கள் விஓடூ மேக்ஸ் என்று காட்டுவது இதன் தோராய மதிப்புதான்.

ஓர் ஏற்றம் 25 கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் உச்சம் 45 என்றால், பாதியைக் கொஞ்சம் தாண்டிய உழைப்பு. பேசிக்கொண்டே ஏறலாம். உச்சம் 30 ஆகக் குறைந்திருந்தால் அதே ஏற்றம் ஆறில் ஐந்து பங்கை விழுங்கிவிடும். உயரத்தில் அந்த 30-உம் இன்னும் குறையும் என்பதால் கையில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. ஏற்றம் மாறவில்லை, இருப்புதான் போய்விட்டது.

சரி, இந்த உச்சம் ஏன் இறங்குகிறது? ஒரு பகுதி வயதுதான். இதயம் துடிக்கக்கூடிய உச்ச வேகம் ஆண்டுக்கு ஆண்டு குறையும். 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது ஒரு பொதுவான கணக்கு. முப்பதில் சுமார் 187, அறுபதில் 166. இதை எந்தப் பயிற்சியும் நிறுத்தாது. ஆனால் ஒரு துடிப்பில் இதயம் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது, வந்த ரத்தத்திலிருந்து தசை எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது என்ற இரண்டும் பெருமளவு நம் கையில் இருக்கின்றன. உழைக்காத உடம்பில் உச்சம் பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இறங்குகிறது. கடுமையான பயிற்சியை விடாதவர்களிடம் அந்த இறக்கம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த சான்று டல்லஸ் நகரில் நடந்தது. 1966-இல், இருபது வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். எழுந்தபோது அவர்களின் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு பெரிதும் சரிந்திருந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்து மறுபடி அளந்தார்கள். ஐம்பது வயதாகி, உடல் எடையும் கூடியிருந்தது. ஆனாலும், முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் பெரிதாக இருந்தது! பிறகு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். முப்பது ஆண்டில் இழந்ததை முழுவதும் மீட்டுவிட்டார்கள். இருபது வயதில், படுக்கையை விட்டு எழுந்த பிறகு கொடுத்த பயிற்சியால் எட்டிய சிகரத்தை மட்டும் ஒருவராலும் எட்ட முடியவில்லை. ஐந்தே பேர்தான், சின்ன ஆய்வுதான். ஆனாலும் வயது, சும்மா இருத்தல் என்ற இரண்டையும் இதைவிடத் தெளிவாகப் பிரித்துக் காட்டிய ஆய்வு எனக்குத் தெரிந்து வேறில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மலை கேட்பது மாறாது, நம் உச்சம் இறங்குவதால் இருப்பு சுருங்குகிறது. அந்த இறக்கத்தில் ஒரு பகுதிதான் வயதுடையது, ஏறக்குறைய பாதி உழைக்காமல் விட்டதால் வந்தது. அந்தப் பாதியை மீட்கலாம்.

## தசைக்குள் ஒரு மேஸ்திரி

மூச்சு ஒரு பக்கம் என்றால் தசை இன்னொரு பக்கம். முதுமையில் தசையும் அதன் பலமும் தேய்வதற்கு சார்கோபீனியா என்று பெயர். அங்கே உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள ஒரு கட்டட வேலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தசையிலும் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கின்றன. அவைதான் வேலையாட்கள். தண்டுவடத்திலிருந்து வரும் ஒரு நரம்பணு, ஒரு கூட்டம் இழைகளுக்கு மேஸ்திரி. அது குரல் கொடுத்தால் அந்தக் கூட்டம் முழுவதும் இழுக்கும். வேலையாட்களில் இரண்டு வகை. மெதுவாக இழுத்தாலும் நாள் முழுக்கச் சோராதவை மெதுவிழைகள். சட்டென்று பெரும் பலம் காட்டிச் சீக்கிரம் களைப்பவை விரைவிழைகள்.

வயது ஏறும்போது மேஸ்திரிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். அதிகம் போவது விரைவிழைகளை மேய்த்தவர்கள். மேஸ்திரி இல்லாத இழைகளில் சிலவற்றைப் பக்கத்து மெதுவிழை மேஸ்திரி தன் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார். அவை பிழைத்துக்கொள்ளும், ஆனால் மெதுவிழைகளாகவே மாறிவிடும். யாரும் சேர்த்துக்கொள்ளாதவை அழிந்துபோகும்.

அறுபது வயதுக்காரர் நாள் முழுக்க நிதானமாக நடந்துவிடுவதும், ஈரமான கட்டையில் கால் வழுக்கும்போது நிலைகொள்ள முடியாமல் விழுவதும் ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும். வழுக்கிய காலை அரை நொடிக்குள் ஊன்ற விரைவிழைகள் வேண்டும். குறைகிற வரிசையும் இதையே சொல்கிறது: தசையின் அளவு மெதுவாகக் குறைகிறது, அதைவிட வேகமாகப் பலம் குறைகிறது, எல்லாவற்றையும்விட வேகமாகக் குறைவது வெடிப்பலம். வெடிப்பலம் என்றால் பலத்தை எவ்வளவு சீக்கிரம் காட்ட முடிகிறது என்பது. வயதானவர்கள் "நான் தினமும் நடக்கிறேனே, போதாதா" என்று கேட்பதுண்டு. போதாது. நடை மெதுவிழைகளுக்குத்தான் வேலை கொடுக்கிறது. விரைவிழைகளை எழுப்புவது கனமான எடையும் சட்டென்ற அசைவும்தான்.

இழைகளின் எண்ணிக்கை குறைந்தாலும் மிச்சம் இருப்பவற்றைப் பலப்படுத்தலாம். எந்த வயதில் வேண்டுமானாலும் செய்யலாம் என்று நான் துணிந்து சொல்வதற்கு 1990-இல் வெளிவந்த ஒரு பாஸ்டன் ஆய்வு காரணம். முதியோர் காப்பகத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் தொடைப் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அவர்களுக்கே அது முடிந்தது என்றால், ஐம்பத்தைந்து வயதுக்காரர் "இனிமேல் என்ன" என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. வயதான தசை, சாப்பிட்ட புரதத்துக்கு முன்பு போலச் சட்டென்று பதில் சொல்வதில்லை. அதனால் ஒரு நாளைக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதத்தை, மூன்று வேளைக்கும் பிரித்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். 70 கிலோ எடை என்றால் 70 முதல் 84 கிராம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

## ஏற்றத்தைவிட இறக்கம் கொடியது

மூச்சு வாங்குவது ஏறும்போது என்பதால் எல்லோரும் ஏற்றத்துக்குத்தான் தயாராகிறார்கள். ஆனால் மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். சுமையோடு நடக்கிற 20 கிலோமீட்டரும் பெரும்பாலும் இறக்கம்தான்.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கிக்கொண்டே உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பைத் தடுத்து நிறுத்துகிறது. இப்படி நீண்டபடியே இழுப்பதை நீள்சுருக்கம் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு பிரேக் மாதிரி. இதில் மூச்சு வாங்காது, ஆனால் இழைகளுக்குள் நுண்ணிய கிழிசல்கள் விழும். வலி உடனே வராது. அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் வரும். முதல் நாள் உற்சாகமாக இறங்கியவர் மூன்றாம் நாள் கூடாரத்திலிருந்து எழும்போது தொடையைப் பிடித்துக்கொண்டு நிற்பது இதனால்தான். அந்த நிலையில் தசையின் பலமும் குறைந்திருக்கும். முழங்கால் தாங்குவதற்குத் தசையின் உதவி கிடைக்காது.

நல்ல செய்தி என்னவென்றால், தசை இதை ஒரே தடவையில் கற்றுக்கொள்கிறது. ஒரு முறை இறக்கத்தில் அடிபட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தைப் பெரிய வலி இல்லாமல் தாங்கும். ஆகவே, பருவம் தொடங்குவதற்குப் பல வாரம் முன்பே இறங்கிப் பழக வேண்டும். மலை இல்லாத ஊர் என்றால் படிக்கட்டு போதும். ஒரு படியில் ஒற்றைக் காலில் நின்று, மறு காலை மூன்று நான்கு நொடி எடுத்து மெதுவாகக் கீழே இறக்குவது எளிய பயிற்சி. ஒற்றைக்காலில் நிற்கும் சமநிலையும் கூடவே வளரும்.

முதுகுச் சுமையை மட்டும் அவசரப்பட்டுக் கூட்டாதீர்கள். தசை சில வாரத்தில் பலப்படும், தசைநாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். தசைநாண் என்பது தசையை எலும்போடு கட்டும் கயிறு. "உடம்பு தாங்குதே" என்று தசையை மட்டும் கேட்டு எடையைக் கூட்டியவர்கள், குதிகாலிலோ முழங்காலுக்குக் கீழோ வலியை வாங்கிக்கொண்டு அந்தப் பருவத்தையே இழக்கிறார்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கில் தொடங்கி, வாரத்துக்கு ஓரிரு கிலோ கூட்டினாலே ஆறு மாதத்தில் போதுமான சுமைக்கு வந்துவிடலாம்.

## அப்படியானால் வாரத்தில் என்ன செய்வது

வாரத்தில் மூன்று நான்கு நாள், பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் நீண்ட நடை அல்லது ஏற்றம். முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். ஒரு நாள் மட்டும், சில நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும்படி ஏறி, இளைப்பாறி, மறுபடி ஏறுவது. இரண்டு நாள் எடைப் பயிற்சி, அதில் எடையைத் தூக்குவது சட்டென்றும் இறக்குவது மெதுவாகவும். வாரத்தில் ஒரு நடை முதுகுச் சுமையோடு. கடினமான இரண்டு நாள்களுக்கு நடுவே முன்பைவிட அதிக இடைவெளி விடுங்கள். வயதான உடம்பு பயிற்சியை ஏற்றுக்கொள்ளும், ஆறுவதற்குத்தான் கூடுதல் நேரம் கேட்கும். ஐம்பதுக்கு மேல் பலர் தோற்றுப்போவது பயிற்சிக் குறைவால் என்பதைவிட, இருபது வயதின் அட்டவணையை அப்படியே பின்பற்றுவதால்தான் என்பது என் எண்ணம்.

ஆனால் இதற்கெல்லாம் முன்பு இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மிச்சிகன் மாநிலத்தில், பலருக்கு ஏற்கெனவே இதய நோய் இருந்த 25 நடுவயது ஆண்களை, மான் வேட்டையின்போது இதயத்துடிப்புக் கருவி மாட்டிக் கண்காணித்தார்கள். அவர்களில் 10 பேருக்கு, மருத்துவமனையின் ஓட்டப் பரிசோதனையில் எட்டிய உச்சத்தையும் தாண்டித் துடிப்பு ஏறியது. மானைக் கண்ட பரபரப்பு, குளிர், இழுத்து வரும் பாரம் எல்லாம் சேர்ந்து இதயத்தின் மேல் விழுகின்றன. "டிரெட்மில்லில் ஒன்றும் ஆகவில்லை" என்பது முழு உத்தரவாதம் ஆகாது என்பதை மருத்துவரிடமும் சொல்லி, என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை விளக்கிக் கேளுங்கள்.

## மன உறுதி என்றால் என்ன

இப்போது "எல்லாம் மனசுலதான்" என்ற வாக்கியத்துக்கு வருவோம். மன உறுதி என்றதும் பல்லைக் கடித்துக்கொண்டு வலியை மறப்பது என்று நினைக்கிறோம். உண்மையில் நடப்பது வேறு.

நாம் உழைக்கும்போது, "இது எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது" என்று மூளை ஓயாமல் ஒரு மதிப்பீடு போட்டுக்கொண்டிருக்கிறது. இதற்கு உணர்முயற்சி என்று பெயர் வைக்கலாம். குன்னர் போர்க் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் இதை 6 முதல் 20 வரை ஓர் அளவுகோலாகவே ஆக்கினார். பெரும்பாலும் நாம் நிற்பது தசை ஓய்ந்ததால் இல்லை. இந்த மதிப்பீடு தாங்க முடியாத எண்ணைத் தொட்டதால்.

2009-இல் வெளியான ஒரு சோதனை இதை அழகாகக் காட்டியது. 16 பேர் ஒரு நாள் 90 நிமிடம் கவனத்தைப் பிழியும் கணினி வேலை செய்தார்கள், இன்னொரு நாள் அதே நேரம் ஆவணப்படம் பார்த்தார்கள். பிறகு கடினமான வேகத்தில் சைக்கிள் மிதித்தார்கள். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 நொடி தாங்கினார்கள், மூளை களைத்த நாளில் 640 நொடிதான். இதயத்துடிப்பும், கடும் உழைப்பில் ரத்தத்தில் கூடும் லாக்டேட் என்ற பொருளின் அளவும் இரண்டு நாளும் பெரிதாக வேறுபடவில்லை. உடம்பு அதேதான், கஷ்டம் மட்டும் கூடுதலாகத் தெரிந்தது.

வேட்டைக்காரருக்கு இது நேரடியாகப் பொருந்தும். தூக்கம் கெட்ட இரவு, பசி, குளிர், மூன்று நாளாக ஒரு மானையும் பார்க்காத சலிப்பு, வழி சரிதானா என்ற ஓயாத யோசனை. இவை எல்லாம் தசையைத் தொடாமலே ஏற்றத்தைச் செங்குத்தாக்குகின்றன. ஆகவே நேரத்துக்குச் சாப்பிடுவதும் நன்றாகத் தூங்குவதும் சொகுசு அல்ல. வயதானவர்களுக்குத் தாக உணர்வும் மங்கிவிடுவதால், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும்.

இங்கேதான் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் சேர்கின்றன. மூளை கஷ்டத்தை அளப்பது உங்கள் உச்சத்தோடு ஒப்பிட்டுத்தான். இருப்பு அதிகம் உள்ளவருக்கு அதே ஏற்றம் சின்ன எண்ணாகத் தெரியும், இருப்பு குறைந்தவருக்குப் பெரிய எண்ணாக. "அவருக்கு என்ன மன உறுதி!" என்று நாம் வியக்கும் மனிதர்களில் பலர், பருவத்துக்கு முந்தைய ஆறு மாதம் விடாமல் படியேறியவர்கள்.

மீதியும் பயிற்சியால் வருவதுதான். மழையில் நடந்து பழகியவருக்கு மழை செய்தியே அல்ல. இருட்டில் தலைவிளக்கோடு நடந்தவர், இருட்டியதும் பதறமாட்டார். ஆனால் பழகக் கூடாத வலிகளும் உண்டு, அதில் உறுதி காட்டுவது அறியாமை. நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, உயரத்தில் விடாத தலைவலியோடு வாந்தி, குளிரில் நாக்குக் குழறி விரல்கள் சொன்னபடி கேட்காமல் போவது. இவற்றில் ஒன்று வந்தாலும் நின்றுவிட வேண்டும், உதவி கேட்க வேண்டும். உயரத்தால் வந்தது என்றால் கீழே இறங்க வேண்டும். குளிர் மூளையைத் தொட்டுவிட்டால் நல்ல முடிவு எடுக்கும் திறனே முதலில் போய்விடும் என்பதால், முடிவுகளை வீட்டிலேயே எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. எத்தனை மணிக்குத் திரும்புவது, வாகனத்திலிருந்து எத்தனை கிலோமீட்டருக்கு அப்பால் சுடுவதில்லை, ஒரு நாளில் எத்தனை சுமை.

அந்தக் கடைசி வரியைக் கடைப்பிடிப்பதுதான் மிகக் கடினம். மாலையில் ஒரு சுமையை இறக்கியதும் "இன்னொன்றையும் முடித்துவிடலாம்" என்று தோன்றும். அக்டோபர் இரவின் குளிரில், தோலுரித்த இறைச்சியைத் துணிப்பையில் கட்டி, நிழலில் காற்றுப்படும்படி உயரமான கிளையில் தொங்கவிட்டால் காலைவரை கெடாது. கரடி வந்தால் தூரத்திலிருந்தே தெரியும்படி, அந்த மரம் திறந்த இடத்தில் இருக்கட்டும். சூடாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள், இரண்டாவது சுமையை விடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.